கணவாய் தாண்டிய ஒரு குருவி

அந்தப் பிள்ளையிடம் ஒரு கேள்வி கேட்டு உறுதியாக ஒரு பதில் வாங்கினேன் என்று யாராவது சொன்னால் நான் நம்பமாட்டேன். இரண்டு வருஷம் என் ஜீப்பின் முன் சீட்டில் உட்கார்ந்து வந்தவள். டீயில் சீனி போதுமா என்று கேட்டால்கூட, "போதும்னு தோணுது. இருக்கலாம். அடியில கரையாம கிடக்கோ என்னமோ" என்று சொல்லிவிட்டுக் கரண்டியைத் தேடுவாள். டீக்கடைக்காரர் என் முகத்தைப் பார்ப்பார். நான் என்ன செய்ய?

பறவை ஆராய்ச்சிக்கு வந்தவள். பெயர் வேண்டாம். நான் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் இல்லை. முதல் வாரம் 'டாக்டரம்மா' என்றேன். "இன்னும் ஆகல அண்ணாச்சி, ஆகாமலும் போகலாம்" என்றாள். பேச்சுக்குப் பேச்சு 'லாம்' வந்ததால் 'லாம் மேடம்' என்று பேர் வைத்தேன். கோபப்படவில்லை. அதுவும் சரியாக இருக்கலாம் என்று சிரித்தாள்.

எனக்கு ஒரு பழைய ஜீப். வண்ணார்பேட்டை பாலத்துப் பக்கம் நிறுத்தியிருப்பேன். மலைக்கு ஆள் ஏற்றிப் போவது தொழில். அவள் முதல் முதலாகப் போனில் பேசியது நன்றாக நினைவிருக்கிறது. "நாளைக்குக் காலையில எங்ஙனே வருவீங்க அண்ணாச்சி?" என்றாள். எங்கள் ஊரில் 'எங்கன' என்றால் எந்த இடம் என்று அர்த்தம். அதனால், "பாலத்துக்கு மேக்க, வேப்பமரத்தடியில நிப்பேன்" என்றேன். "இல்ல, எங்ஙனே?" என்று மறுபடியும் கேட்டாள். எனக்குச் சட்டென்று ஏறிவிடும். "அதான் சொல்லுதேன்லா, வேப்பமரத்தடி" என்று குரலை உயர்த்தினேன். பயந்து வைத்துவிட்டாள்.

மறுநாள் வந்து ஜீப்பை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "ஓ, ஜீப்பா? எப்படி வருவீங்கன்னுதான் கேட்டேன்" என்றாள். அவளுக்கு அப்பா செங்கோட்டை, அம்மா புனலூர். வளர்ந்தது அம்மா ஊரில். செங்கோட்டையில் பஸ் ஏறி, ஆரியங்காவு கணவாய்க்குள் நுழைந்து, மேற்கே இறங்கினால் புனலூர். அங்கே மலையாளத்தில் 'எங்ஙனே' என்றால் எப்படி என்று அர்த்தமாம். மலைக்கு இந்தப் பக்கம் இடமாக இருக்கிற சொல் அந்தப் பக்கம் போனதும் விதமாகிவிடுகிறது. இரண்டு பேரும் சிரித்தோம். அதற்குப் பிறகு என்னிடம் பேசும்போது என் பேச்சையே பேசுவாள். "எங்கன நிறுத்துதீங்க அண்ணாச்சி?" என்று ராகம் போட்டுக் கேட்பாள். விஷயம் அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். 'எங்கன' மாறினால் 'இங்கன'வும் 'அங்கன'வும் மாறியிருக்கும் என்று எனக்கு அப்போது புத்தியில் தட்டவில்லை.

அவள் தேடி வந்த குருவிக்குச் சிரிப்பான் என்று பேர். மாஞ்சோலைக்கு மேலே நாலுமுக்கு, குதிரைவெட்டி என்று போனால் குளிர் காதைப் பிடிக்கும். அங்கே புதருக்குள்ளிருந்து நாலைந்தாகச் சேர்ந்து கெக்கலி கொட்டும். சாம்பல் நெஞ்சு, செம்பழுப்பு வயிறு, கண்ணுக்கு மேலே வெள்ளையாக ஒரு புருவக்கோடு. கணவாய்க்கு வடக்கே உள்ள மலைகளிலும் இதே சாயலில் சிரிப்பான் உண்டு. ஆனால் அதற்குப் புருவக்கோடு கண்ணைத் தாண்டி நீளமாகப் போகும். எங்கள் மலைக் குருவிக்குக் கண்ணோடு நின்றுவிடும். அவ்வளவுதான் வித்தியாசம். அந்த அரை விரற்கடைக் கோட்டுக்காக ஒரு பெண் பிள்ளை அட்டைக்கடி வாங்கிக்கொண்டு இரண்டு வருஷம் அலைவாளா என்று எனக்கு ஆத்திரமாக வரும்.

"ஏம்மா, நீ வாரா வாரம் பஸ்ல கணவாயத் தாண்டி வருத. ரெக்க உள்ள குருவி, அதுக்கு என்ன கேடு? பறந்து போயி அந்தப் பக்கம் பொண்ணு எடுத்தா ரெண்டும் ஒண்ணாயிருக்கும்லா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"சூடு அண்ணாச்சி" என்றாள். "அது குளிருக்குப் பழகின உடம்பு. கணவாய் தாழ்ந்த இடம். வெயிலு, காத்து, வேற மரம். சோலையை விட்டு வெளிய வராது. ஆனா ரொம்ப ரொம்பக் காலத்துக்கு முன்னால பூமியே குளுந்து கிடந்தப்ப, மேல இருக்குற காடு கீழ வரைக்கும் இறங்கியிருக்கலாம். கணவாய்லயும் குளிர்மரம் நின்னிருக்கலாம். அப்ப ரெண்டு பக்கமும் ஒரே கூட்டமாத் திரிஞ்சிருக்கலாம். பிறகு சூடு ஏறுச்சு. காடு மேல ஏறுச்சு. குருவியும் காட்டோட ஏறுச்சு. ஏறுனது ரெண்டு மலையில. அதுக்கப்புறம் அங்க உள்ள மழை வேற, இங்க உள்ள மழை வேற. தலைமுறை தலைமுறையா மாறி மாறி, இப்ப ஒண்ணை ஒண்ணு பாத்தா சொந்தம்னு தெரியாமலும் இருக்கலாம்."

"லாம் இல்லாம ஒண்ணு சொல்லும்மா" என்றேன்.

"சொல்லணும்னுதான் வந்திருக்கேன்" என்றாள். அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. இரண்டு கூட்டமும் அறவே பிரிந்துவிட்டதா, இல்லை எப்போதாவது ஏதாவது ஒன்று தாண்டி வந்து கலந்திருக்கிறதா? அதைக் குருவியின் ரத்தம் சொல்லும். அந்தப் பதிலோடு இன்னும் ஒன்றரை வருஷத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். தவறினால் அவளுக்குக் கொடுத்த காலம் முடிந்துவிடும். படிப்பு அத்தோடு போச்சு.

அப்படி அவசரம் உள்ளவள் செய்கிற வேலையா அது? நாங்குநேரிப் பக்கம் ஒருநாள் வேறு வேலையாகப் போனோம். வறண்ட குளத்துக்குள் ஒரு வானம்பாடி ஓடியது. நிறுத்தச் சொன்னாள். வெயிலில் இரண்டு மணி நேரம் நிற்கிறாள். கையில் மண்ணை அள்ளிக் குருவியோடு வைத்துப் பார்க்கிறாள். "மண்ணு நிறமும் முதுகு நிறமும் ஒண்ணு போல இருக்கு பாத்தீங்களா. இந்த மண்ணே இதை இப்படி ஆக்கியிருக்கலாம். தப்பிப் பிழைச்சதெல்லாம் மண்ணு நிறத்துல இருந்ததா இருக்கும்." சரி, வா போகலாம் என்றால், "ஆனா எனக்குக் கண்ணு கூசுது, நிறம் தப்பாத் தெரியலாம்" என்று மறுபடியும் நிற்கிறாள். என் சொட்டைத் தலை கொதித்தது.

எதையும் நம்பமாட்டாள். வலையில் சிக்கிய குருவியைத் துணிப்பையில் போட்டு எடை பார்ப்பாள். மூன்று தடவை பார்ப்பாள். தராசை நம்பமாட்டாள். அலகை அளந்துவிட்டு என்னை ஸ்கேலைப் பார்க்கச் சொல்லுவாள். தன் கண்ணை நம்பமாட்டாள். பிறகு றெக்கை அடியில் ஊசியால் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து, மருந்துத் தண்ணீர் உள்ள விரல் நீளக் குழாயில் விட்டு, குருவியைப் பிடித்த இடத்திலேயே பைய விட்டுவிடுவாள். குழாயை ஐஸ் பெட்டியில் வைப்பாள். பெட்டியில் நடுவில் ஒரு தட்டி. இடப்பக்கம் தெற்கு மலைக் குருவிகள், அதாவது எங்கள் மலை. வலப்பக்கம் அவள் முந்திய மாதம் வடக்கு மலைகளில் எடுத்து வந்தவை. விக்கிரமசிங்கபுரத்தில் ஒரு மில் தொழிலாளி வீட்டு மாடியில் அறை எடுத்திருந்தாள், பிரிஜ்ஜும் இருந்தது. கரண்ட் போய்விடலாம் என்று அதையும் நம்பாமல் பெட்டியை எங்கே போனாலும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டே அலைந்தாள்.

என்னை மட்டும் நம்பினாள். ஒரு பையை என் கையில் கொடுத்தால் திரும்பிப் பார்க்கமாட்டாள். அது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

அன்றைக்கு நாலுமுக்கிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தோம். ஒரு வளைவில் மிளா மான் ஒன்று குறுக்கே பாய்ந்தது. பிரேக்கை மிதித்தேன். பின்னால் பெட்டி கவிழ்ந்தது. மிளா தன் பாட்டுக்குப் போய்விட்டது. மலைப்பாதை என்றாலே அவளுக்கு வயிற்றைப் பிரட்டும், அன்றைக்கு இந்தக் குலுக்கலும் சேர்ந்து, கதவைத் திறந்துகொண்டு போய் ஓரத்தில் குனிந்து வாந்தி எடுத்தாள். நான் பின்னால் போய்ப் பார்த்தேன். பெரும்பாலான குழாய்கள் அதனதன் பக்கத்திலேயே கிடந்தன. இரண்டு மட்டும் ஜீப்பின் தரையில். ஐஸ் தண்ணீரில் ஊறி இரண்டிலும் ஒட்டியிருந்த அடையாளச் சீட்டு கழன்றுவிட்டது. ஒன்றின் மூடி திறந்து, உள்ளே இருந்ததெல்லாம் கொட்டிப் போயிருந்தது. இன்னொன்று முழுசாக இருந்தது. பக்கத்தில் இரண்டு சீட்டுகள். ஒன்று தெற்கு, ஒன்று வடக்கு.

முழுசாக இருந்த குழாயைக் கையில் தூக்கிப் பிடித்து, "ஏம்மா, இது எங்கன வைக்கணும்?" என்று கத்தினேன்.

அவள் குனிந்தபடியே தலையை மட்டும் திருப்பிப் பார்த்தாள். இடது கையை நீட்டி, கட்டைவிரலை நிமிர்த்தி, "இங்ஙனே, இங்ஙனே" என்றாள். பிறகு மறுபடியும் வாந்தி.

இங்கன என்றால் இங்கே. நீட்டிய கை இடது கை. அவளுக்குத் தெரிந்திருக்கிறது, பார்த்ததும் அடையாளம் சொல்லிவிட்டாள் என்று நினைத்தேன். இடப்பக்கம் வைத்தேன். தெற்குச் சீட்டைச் சுற்றி ஒட்டினேன். வடக்குச் சீட்டு மிச்சம். அவள் முகம் கழுவிவிட்டு வந்ததும், "வடக்கு ஒண்ணு கொட்டிப் போச்சும்மா" என்றேன். "சரி அண்ணாச்சி" என்று ஏறி உட்கார்ந்தாள். தராசை மூன்று தடவை பார்க்கிறவள் என்னிடம் ஒரு தடவைகூடத் திருப்பிக் கேட்கவில்லை.

எட்டு மாதம் கழித்து அவள் வேப்பமரத்தடிக்கு ஓடி வந்தாள். அவள் ஓடி நான் பார்த்ததில்லை. சோதனை முடிவு வந்துவிட்டதாம். தெற்கு எல்லாம் தெற்கு, வடக்கு எல்லாம் வடக்கு. ஒரே ஒரு குருவி தவிர. "அண்ணாச்சி, நாமதான் பிடிச்சோம், நாலுமுக்குல, மிளா பாஞ்ச அன்னைக்கு. புருவம் இந்தப் பக்கத்துப் புருவம். போட்டோகூட இருக்கு. ஆனா ரத்தத்துல தாய்வழி அந்தப் பக்கம். அதோட அம்மாவோ, அம்மாவுக்கு அம்மாவோ கணவாயத் தாண்டி வந்திருக்கலாம்." சொல்லும்போது அவள் கண் கலங்கிவிட்டது. "என்னை மாதிரி" என்றாள்.

நானும் மடையன் மாதிரி சந்தோஷப்பட்டேன். "நாந்தான் அன்னைக்கே சொன்னேன்லா, அந்தப் பக்கம் பொண்ணு எடுத்திருக்கும்னு" என்றேன். அந்தக் குருவிக்கு 'சம்பந்தி' என்று பேர் வைத்ததும் நான்தான்.

ஒரு குருவியை வைத்து எழுதினால் ஒத்துக்கொள்ளமாட்டார்கள் என்று அவளுக்குப் பாடம் நடத்துகிற பேராசிரியர் சொல்லிவிட்டார். தாண்டி வருகிற இன்னொன்றையாவது காட்ட வேண்டும். ஆகவே எழுத உட்கார வேண்டிய நாட்களில் மறுபடியும் அலைய முடிவு செய்தாள். இந்தத் தடவை மலை உச்சியில் இல்லை, கணவாய்க்குள்ளேயே.

மாசி மாதம் இடம் பார்க்கப் போனபோது புனலூரில் அவள் வீட்டில் சாப்பிட்டோம். அவள் அம்மா இலை போட்டுப் பாயசம் ஊற்றினார்கள். நான் அதைத் தனியாகக் குடிக்கப் போனேன். "அப்படி இல்ல, இங்ஙனே" என்றார்கள். நான் இலையை அந்த அம்மா பக்கமாக நகர்த்தினேன். "இல்ல இல்ல, இங்ஙனே" என்று சிரித்துக்கொண்டே என் இலையில் இருந்த பப்படத்தை எடுத்துப் பாயசத்தில் நொறுக்கிப் போட்டுக் காட்டினார்கள். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். "அண்ணாச்சி, இங்ஙனேன்னா இந்த மாதிரி. இங்கே இல்ல."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நீட்டிய இடது கையும் நிமிர்ந்த கட்டைவிரலும் கண் முன்னால் வந்து நின்றன. நான் எங்கே வைக்க என்று கேட்டேன். வாந்தி மயக்கத்தில் அவள் காதில் எப்படி வைக்க என்று விழுந்திருக்கிறது. இப்படி, நிமிர்த்தி வை என்று கட்டைவிரலைக் காட்டியிருக்கிறாள். அப்படியானால் நான் தெற்குச் சீட்டு ஒட்டியது வடக்குக் குழாயில். கொட்டிப் போனதுதான் நாலுமுக்குக் குருவி. எந்தக் குருவியும் எந்தக் கணவாயையும் தாண்டவில்லை.

இல்லை, அப்படியும் சொல்ல முடியாது. அவள் உண்மையிலேயே இடத்தைக் காட்டியிருந்தால்? என் பேச்சுத்தான் அவளுக்குப் பழகிவிட்டதே. இல்லை, நான் குத்துமதிப்பாக ஒட்டிய சீட்டே தற்செயலாகச் சரியாக இருந்தால்? அந்தக் குழாய் தரையில் இடப்பக்கமாகக் கிடந்ததா, வலப்பக்கமாகவா? ஒருநாள் இடப்பக்கம் என்று படும், மறுநாள் வலப்பக்கம். உறுதியாகத் தெரியாததை எப்படிப் போய்ச் சொல்ல என்று எனக்கு நானே ஒரு சாக்கு வைத்துக்கொண்டேன். உள்ளதைச் சொன்னால், அவள் முகத்தில் இருந்த அந்தச் சந்தோஷத்தை அழிக்க எனக்குத் தெம்பில்லை.

பங்குனி பிறந்தது. ரமலானும் வந்தது. நான் நோன்பு வைத்துக்கொண்டு ஜீப் ஓட்டினேன். கணவாய் அடிவாரத்துப் புளியரையிலிருந்து கணவாய் வரைக்கும் தினமும் போவோம். பாறையில் கை வைக்க முடியாத வெயில். அவள் சிரிப்பானின் குரலைப் பதிவு செய்த பெட்டியைப் புதருக்குள் வைத்துவிட்டுக் காத்துக் கிடப்பாள். பெட்டி மட்டும் சிரிக்கும். பதிலுக்கு எதுவும் சிரிக்காது. "இன்னைக்கு வராம இருக்கலாம். நாளைக்கு வரலாம்" என்பாள். உதடு வெடித்து, முகம் கறுத்துவிட்டது. ஒருநாள் மயங்கி விழுந்துவிட, செங்கோட்டைக்குக் கொண்டுபோய்க் குளுக்கோஸ் ஏற்றினோம். மறுநாள் மறுபடியும் வந்து நிற்கிறாள். சாயங்காலமானால் பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சி வாங்கி வந்து, "நேரம் ஆயிருக்கலாம் அண்ணாச்சி, பாங்கு கேட்டுச்சா?" என்று கையில் கொடுப்பாள். அவள் வாங்கிக் கொடுத்த கஞ்சியில் நோன்பு திறந்துகொண்டு அவளிடமே மறைத்தேன். என் வீட்டுக்காரி ஒருத்தியிடம்தான் சொன்னேன். "வயித்தைக் காயப்போட்டுட்டு வாயை மூடி வச்சிருக்கீங்களே, இது நோன்பா?" என்றாள். அதற்கும் நான் அவள் மேல்தான் எரிந்து விழுந்தேன்.

ஒருநாள் கணவாயில் ஜீப் நிழலில் உட்கார்ந்திருந்தோம். பேராசிரியர் போனில் வந்தார். அவர் கேட்டது எனக்குக் கேட்கவில்லை. அவள் சொன்னது கேட்டது.

"இல்ல சார். குழாய் மாற வழியே இல்ல. அண்ணாச்சி கையாலதான் எடுத்து வச்சாரு."

அந்த இரண்டு வருஷத்தில் 'லாம்' இல்லாமல் அவள் சொல்லி நான் கேட்டது அது ஒன்றுதான்.

அன்றைக்கு அவளை அறையில் இறக்கிவிட்டேன். நேருக்கு நேர் சொல்ல முடியவில்லை. விக்கிரமசிங்கபுரம் பஸ் நிறுத்தத்துக்கு வந்து, ஷிப்டு விட்டு சைக்கிளில் போகிறவர்களைப் பார்த்தபடியே போன் போட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். மிளா, இரண்டு குழாய், இரண்டு சீட்டு, அவள் நீட்டிய கை, நான் வைத்த பக்கம், அவள் அம்மா நொறுக்கிய பப்படம். மாறியிருக்கும், மாறாமலும் இருக்கும், எனக்குச் சத்தியமாகத் தெரியவில்லை, ஆனால் மாசியிலிருந்தே எனக்குச் சந்தேகம் உண்டு என்றேன். இரண்டு மாதமாகத் தெரிந்துகொண்டேதான் உன்னை வெயிலில் கொண்டுபோய் விட்டேன் என்பதையும் சொன்னேன்.

அவள் மெதுவாக, "எங்ஙனே அண்ணாச்சி?" என்றாள்.

"நாலுமுக்குலேருந்து இறங்குதோம்லா, அதுல மூணாவது வளைவு. பெரிய பாறை ஒண்ணு நிக்கும், அங்கன வச்சு" என்றேன்.

"சரி" என்று வைத்துவிட்டாள்.

மறுநாள் நான் போனபோது அறை பூட்டியிருந்தது. விடிகாலை பஸ்ஸில் ஊருக்குப் போய்விட்டதாக வீட்டுக்காரர் சொன்னார். கடைசித் தேதிக்குள் எழுதிக் கொடுத்துவிட்டாள், பட்டமும் வாங்கிவிட்டாள். அதற்குப் பிறகு அவளிடமிருந்து ஒரே ஒரு செய்தி போனில் எழுத்தாக வந்தது. "முடிஞ்சுது அண்ணாச்சி. சம்பந்தியைச் சேர்க்கல. தாண்டியிருக்கலாம், தெரியாது." நான் நாலைந்து தடவை கூப்பிட்டேன். எடுக்கவில்லை. வேலையாக இருந்திருக்கலாம்.

இப்போதும் நான் மாஞ்சோலைக்கு ஆள் ஏற்றிப் போகிறேன். மூணாவது வளைவில் அந்தப் பாறை நிற்கிறது. அதைத் தாண்டும்போதெல்லாம் அந்த ஒரு சொல்லைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன். என்னிடம் பேசும்போது அவள் என் பேச்சைத்தான் பேசுவாள், அந்தக் கணக்கில் எந்த இடத்தில் என்றுதான் கேட்டிருக்க வேண்டும். ஆனால் அந்த நேரத்தில் அவள் வாயில் அவள் அம்மாவின் பேச்சு வந்திருந்தால், எப்படி என்று கேட்டிருக்கிறாள். எப்படி அண்ணாச்சி மனசு வந்தது, தெரிந்தும் என்னை அந்த வெயிலில் நிற்கவிட என்று.

இடத்தைக் கேட்டிருந்தால் நான் சரியாகச் சொல்லிவிட்டேன். எப்படி என்று கேட்டிருந்தால், அதற்கு என்னிடம் இன்றைக்கும் பதில் இல்லை.